பொது ஓட்டில் நிதி வெல்ல: ‘போடுறேன்’ என்பது இன்னும் ஓட்டு இல்லை

எங்கள் குடியிருப்பு நூலகத்தின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மழைக்காலம் முழுக்கக் குழந்தைகள் புத்தக அலமாரி மேல் தார்ப்பாய் கிடக்கும். எந்தப் பிள்ளையும் அதைத் தூக்கிப் புத்தகம் எடுக்காது. கூரையை மாற்ற, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு நிதிக்கு விண்ணப்பித்தோம். முதல் வருடம் தோற்றோம், மறு வருடம் வென்றோம். இரண்டு முறையும் ஓட்டுக் கணக்கு நோட்டு என் கையில்தான் இருந்தது. அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் விதிகளை உட்கார்ந்து படியுங்கள். ஒருவருக்கு ஒரே ஓட்டா, தினமும் போடலாமா, பல திட்டங்களைத் தேர்ந்தெடுக்கலாமா? தாளில் போட வழி உண்டா? நகரப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடலாம் என்று மக்களே ஓட்டுப் போட்டுச் சொல்வதைப் பங்கேற்பு பட்ஜெட் என்பார்கள். பாரிஸ் நகரம் 2014-இல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட்டில் இணையத்திலும் போடலாம், பெட்டியிலும் போடலாம். வயது வரம்பையும் பாருங்கள். நியூயார்க் நகரத்தில் இப்படிப்பட்ட ஓட்டுக்கு 11 வயதே போதும். எங்கள் நிதியிலும் பள்ளி மாணவர்கள் போடலாம் என்று விதியில் இருந்தது. முதல் வருடம் அதை யாருமே கவனிக்கவில்லை. நூலகத்துக்கு தினமும் வருகிற பிள்ளைகளை விட்டுவிட்டு, எங்கெங்கோ அலைந்தோம்.

அப்புறம் திட்டத்தின் பெயர். ‘கூரை சீரமைப்பு மற்றும் உட்கட்டமைப்பு மேம்பாடு’ என்று முதலில் வைத்திருந்தோம். மறு வருடம் ‘மழையிலும் திறந்திருக்கும் நூலகம்’ என்று மாற்றினோம். அடையாளச் சின்னம், வரைபடம் எதுவும் வேண்டாம். தார்ப்பாய் மூடிய அலமாரியும் அதன் கீழே வாளியும் இருக்கும் ஒரு போட்டோ போதுமானதாக இருந்தது.

இனி முக்கியமான விஷயம். ஓட்டு திறந்த முதல் மணி நேரத்தில் நீங்களே ஒரு ஓட்டைப் போட்டு, எத்தனை படி இருக்கிறது என்று எண்ணுங்கள். எங்களுடையதில் போன் நம்பர், ஓடிபி, பகுதியைத் தேர்ந்தெடுப்பது, மூன்றாம் பக்கம் வரை தள்ளிப்போய் எங்கள் திட்டத்தைத் தேடுவது, சமர்ப்பிப்பது என்று வரிசையாக இருந்தது. சமர்ப்பித்ததும் ‘நன்றி’ என்று திரை வரும். ஆனால் அத்தோடு முடியவில்லை. மெயிலுக்கு வரும் இணைப்பைத் தொட்டால்தான் ஓட்டு கணக்கில் சேரும். அந்த மெயில் பெரும்பாலும் ஸ்பாமில் கிடக்கும். முதல் வருடம் நாங்கள் தோற்றது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ‘போட்டாச்சு’ என்று சொன்ன பலரும் உண்மையிலேயே அப்படி நம்பித்தான் சொன்னார்கள். பாதி வழியில் நின்றது அவர்களுக்கே தெரியாது.

அதனால் மறு வருடம் நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: கேட்டாச்சு, ‘போடுறேன்’ என்றார், மெயிலையும் உறுதிசெய்தார். மூன்றாவதில் டிக் விழும்வரை அந்தப் பெயரை விடுவதில்லை. ‘கட்டாயம் போடுறேன்’ என்பவரிடம், ‘இப்பவே போட்டுடலாமா? ரெண்டு நிமிஷம்தான்’ என்று கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். வேலையாக இருந்தால் எப்போது வரலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா, ஓடிபி வந்ததும் போனைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். ‘ஏம்மா, இந்த நம்பரை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுதானே சொல்றாங்க?’ என்றார். அவர் பயந்தது முழுக்க நியாயம். ‘எனக்கும் சொல்லாதீங்கம்மா, நீங்களே அடிங்க’ என்று சொல்லி இரண்டடி தள்ளி நின்றேன். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்து அடித்தார். முடிந்ததும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, ‘வா, உனக்கும் நான் காட்டித் தர்றேன்’ என்றார். அன்று அந்த வரிசையில் நான் பேச வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. யாருடைய போனையும் கையில் வாங்காதீர்கள், யாருக்காகவும் நீங்கள் போடாதீர்கள். பல நிதிகளில் சந்தேக ஓட்டுகளை ரத்து செய்வார்கள். நம் மேல் விழுந்த சந்தேகம் நூலகத்தின் மேலும் விழும். பரிசு கொடுத்து ஓட்டு கேட்பதும் வேண்டாம். மக்கள் ஓட்டை வைத்துச் சமூகத் திட்டங்களுக்கு நிதி கொடுக்க 2010-இல் பெப்சி நடத்திய ரெஃப்ரெஷ் போட்டியில் இடைத்தரகர் மூலம் ஓட்டு சேர்த்ததாகப் புகார்கள் கிளம்பின. நேர்மையாக வென்ற யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது.

வாட்ஸ்அப் குரூப்பில் போடும் ஃபார்வேர்டை நம்பி இருக்காதீர்கள். எல்லாருக்கும் அனுப்பியது யாருக்கும் அனுப்பாத மாதிரிதான். குழுவில் ஆளுக்குப் பத்துப் பெயர் பிரித்துக்கொண்டோம், அவரவருக்குத் தெரிந்தவர்களாக. நான் அனுப்பியது இப்படி இருக்கும்: ‘அண்ணா, உங்க பொண்ணு உட்கார்ந்து படிக்கிற மூலைலதான் தண்ணி சொட்டுது. கூரை மாத்த உங்க ஓட்டு வேணும். கீழே லிங்க். மெயிலுக்கு ஒண்ணு வரும், ஸ்பாம்லயும் பாருங்க. முடிஞ்சதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.’ பெயரை மட்டும் மாற்றி ஒரே செய்தியை எல்லாருக்கும் அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆளுக்கு ஏற்ற ஒரு வரியாவது இருக்கட்டும்.

தினமும் நச்சரிக்க வேண்டாம். முதல் மூன்று நாளும் கடைசி மூன்று நாளும் முழு மூச்சாக இறங்குங்கள். நடுவில் மாலை நேரத்தில் நூலக வாசலில் ஒரு மேசை, பெரிய எழுத்தில் க்யூஆர் கோடு, சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் என்று இருந்தால் போதும்.

பல திட்டங்களைத் தேர்ந்தெடுக்க விதி இடம் கொடுத்தால், பக்கத்துப் பகுதிக் குழுவிடம் போய்ப் பேசுங்கள். எங்கள் பக்கத்துப் பகுதிக்காரர்கள் அதே ஓட்டில் விளையாட்டுத் திடலுக்கு விளக்கு கேட்டிருந்தார்கள். அவர்கள் ஆட்களிடம் எங்கள் கூரையைப் பற்றியும், எங்கள் ஆட்களிடம் அவர்கள் விளக்கைப் பற்றியும் சொன்னோம். அந்த விளக்கு உண்மையிலேயே வேண்டியதுதான் என்பதால் மனசாரச் சொல்ல முடிந்தது.

முடிவு வந்த அன்றே நோட்டில் உள்ள எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள், தோற்றாலும்கூட. முதல் வருடம் தோற்ற மறுநாள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி எழுதியிருந்தேன். மறு வருடம் அதே நோட்டை எடுத்துக்கொண்டு போனபோது, பலர் நான் கேட்பதற்கு முன்னாலேயே போனை எடுத்துவிட்டார்கள்.