பள்ளிக்கூட வரலாறு எழுதப் போகிறவர்களுக்கு: முதலில் அட்மிஷன் ரிஜிஸ்டரைத் திறங்கள்

பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் ஓர் இங்கிலீஷ் மீடியம் உயர்நிலைப் பள்ளியில் படித்து, அங்கேயே இருபத்தெட்டு வருடம் வரலாறும் தமிழும் சொல்லிக்கொடுத்தவள் நான். ஓய்வு பெற்றதும் நூற்றாண்டு மலருக்காகப் பள்ளியின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று மாத வேலை என்று நினைத்தேன். இரண்டு வருடம் ஆனது. இப்போது அல்சூர், காக்ஸ் டவுன், மர்ஃபி டவுன் பக்கமிருந்து மற்றப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் வந்து, "எங்கிருந்து ஆரம்பிக்கிறது டீச்சர்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஹெட்மாஸ்டர் அறைச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்து நான்கு மாதத்தைத் தொலைத்தேன். பள்ளியை யார் நடத்தினார்கள் என்பதை அந்தப் படங்கள் சொல்லும். அங்கே யார் வந்து படித்தார்கள் என்பதைச் சொல்ல ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது. ஆபீஸ் ரூம் பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் அட்மிஷன் ரிஜிஸ்டர்.

அதைத் தொடும் விதம் முக்கியம். பழைய தாள் ஓரத்தில் அப்பளம்போல நொறுங்கும். எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது; சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். வீட்டுக்கு எடுத்துப் போகாமல் பள்ளியிலேயே ஜன்னலோரம் மேசை போட்டு, பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். பக்க எண் படத்தில் விழ வேண்டும். எழுத்தை வாசிப்பதெல்லாம் அப்புறம்.

வாசிக்க உட்காரும்போது எல்லா வருடத்தையும் ஒரே மூச்சில் பார்க்க முடியாது. பத்து வருடத்துக்கு ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் தொழில் என்று ஒரு பத்தி இருக்கும். அதை மட்டும் ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். எங்கள் ரிஜிஸ்டரின் முதல் பக்கங்களில் பட்லர், சமையல்காரர், குதிரை லாயத்துக்காரர், சாப்பர்ஸ் ராணுவப் படைப்பிரிவின் ஹவில்தார். அடுத்து பின்னி மில் தொழிலாளிகள். 1940இல் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை வந்தது; கொஞ்ச வருடத்தில் ஃபிட்டர், டர்னர் என்ற சொற்கள் பத்தியை நிறைக்கின்றன. 1948இல் தொலைபேசி செய்யும் ஐ.டி.ஐ., 1953இல் இயந்திரக் கருவி செய்யும் எச்.எம்.டி., 1954இல் மின்னணுக் கருவி செய்யும் பி.இ.எல். கண்டோன்மென்ட் தமிழர்கள் பங்களாக்களின் பின்கட்டிலிருந்து தொழிற்சாலைக்குள் நுழைந்த கதை, ஒரு விரற்கடை அகலப் பத்தியில் அடுக்கடுக்காக இருக்கிறது. பிறந்த தேதிப் பத்தியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். பள்ளியில் சேர்க்க வசதியாக ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவது அந்தக் காலத்து வழக்கம்.

ஜாதிப் பத்தியும் இருக்கும். எண்ணிக்கைக்குப் பயன்படுத்துங்கள், யாருடைய பெயரோடும் சேர்த்து அச்சிடாதீர்கள்.

கடைசிப் பத்தி, பள்ளியை விட்டு நீங்கிய காரணம். அதைக் கட்டாயம் படியுங்கள். ஊர் மாற்றம், தேர்ச்சி, மரணம் என்று ஒற்றைச் சொற்கள்தான். அதில் ஒரு பக்கத்தில் என் அக்காவின் பெயர் இருந்தது. 'கட்டணப் பாக்கி, பெயர் நீக்கம்.' அக்காவுக்குப் படிப்பு ஏறவில்லை, அதனால் நிறுத்திவிட்டோம் என்றுதான் வீட்டில் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் வகுப்பில் இரண்டாவதாக வந்தவள் என்பது அடுத்த பீரோவில் இருந்த மார்க் ரிஜிஸ்டரில் தெரிந்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் பதினேழு பெயர்கள் அப்படி நீக்கப்பட்டிருந்தன, பதினொன்று பெண்பிள்ளைகள். மலர்க் குழுவினர் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள் பட்டியல் போதும் என்றார்கள். இந்தக் கணக்கும் வந்தாக வேண்டும் என்று நான் விடாப்பிடியாக நின்றேன். நீங்களும் நில்லுங்கள்.

சரி, தேதிகளுக்கு வருவோம். ஒரு பள்ளிக்குப் பிறந்த தேதி ஒன்று இல்லை, குறைந்தது மூன்று. ஏதோ ஒரு ஹாலில் பத்துப் பிள்ளைகளோடு ஆரம்பித்த நாள், அரசு அங்கீகாரம் கிடைத்த நாள், உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்த நாள். அடிக்கல்லில் இருப்பது கட்டடத்தின் தேதி. எங்கள் பள்ளி வளைவில் எழுதியிருந்த ஆண்டுக்கும் அங்கீகாரக் கடிதத்தில் இருந்த ஆண்டுக்கும் பத்தொன்பது வருட வித்தியாசம். மூன்றையும் எழுதி, எது எதனுடைய தேதி என்று சொல்லிவிடுங்கள்.

பெங்களூரில் இன்னொரு சிக்கல் உண்டு. முன்பு இது இரண்டு ஊர். சிட்டி மைசூர் மகாராஜாவுடையது. 1809இல் பிரிட்டிஷ் படை வந்து இறங்கிய கண்டோன்மென்ட், 1881இல் மைசூர் ராஜ்யம் மகாராஜாவிடம் திரும்பியபோதும் ரெசிடென்ட் என்ற பிரிட்டிஷ் பிரதிநிதியின் கையிலேயே நின்றது. 1947இல்தான் மைசூரோடு சேர்ந்தது. ஆகவே சிட்டியில் இருக்கும் சிக்பேட்டைப் பள்ளியின் காகிதம் கிடைக்கும் இடம் வேறு, கண்டோன்மென்டில் பிளாக்பள்ளி என்றிருந்த சிவாஜிநகர்ப் பள்ளியின் காகிதம் கிடைக்கும் இடம் வேறு. கர்நாடக மாநில ஆவணக் காப்பகம், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இரண்டையும் பாருங்கள். மிஷன் பள்ளியாக இருந்தால் மில்லர்ஸ் ரோடு யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜின் ஆவண அறைக்குப் போங்கள். எங்கே போனாலும் பள்ளி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கையில் இருக்கட்டும்.

பழைய காகிதத்தில் 'நான்காம் ஃபாரம்' என்று வந்தால் ஒன்பதாம் வகுப்பு. ஃபாரக் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கும். ஃபாரம் என்றால் இங்கிலாந்தில் பிள்ளைகள் உட்காரும் நீள பெஞ்சு. நம் பள்ளிகளில் இப்படி எத்தனையோ வழக்கங்கள் அங்கிருந்து வந்தவை. எப்படி வந்தன என்று ஒரு பக்கமாவது எழுதுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் 1828 முதல் 1842இல் இறக்கும்வரை தலைமையாசிரியராக இருந்தவர் தாமஸ் ஆர்னால்ட். மூத்த மாணவர்களிடம் பொறுப்பைக் கொடுத்து, அவர்களைக் கொண்டு இளையவர்களை நடத்துவது அவர் பாணி. அவருக்குக் கீழே ஆசிரியராக இருந்தவர் ஜார்ஜ் காட்டன். மார்ல்பரோ பள்ளியில் 1851இல் மாணவர்கள் பெரிய கலவரம் செய்த பிறகு, 1852இல் காட்டன் அங்கே தலைமையேற்றார். மூத்த மாணவர்களைப் பொறுப்பாளர்களாக்கும் பிரிஃபெக்ட் முறையையும் ஒழுங்கான விளையாட்டையும் கொண்டுவந்து பள்ளியை நிமிர்த்தினார். 1858இல் கல்கத்தா பிஷப்பாக வந்து, 1866இல் ஆற்றில் மூழ்கி இறந்தார். அவர் பெயரில் பெங்களூரில் 1865இல் எழுந்ததுதான் பிஷப் காட்டன் பள்ளி. 1871 முதல் 1882 வரை அதற்குத் தலைமை வகித்தவர் யார் தெரியுமா? பின்னால் 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். பெரிய பள்ளிகளில் இருந்த ஹவுஸ், பிரிஃபெக்ட், ஸ்போர்ட்ஸ் டே எல்லாம் அப்புறம் எங்கள் பள்ளி மாதிரி சின்னப் பள்ளிகளுக்கும் இறங்கி வந்தன. உங்கள் பள்ளியில் எந்த வருடம் வந்தன என்பதை ஸ்போர்ட்ஸ் டே அழைப்பிதழ்கள் சொல்லும்.

காகிதம் சொல்லாததைப் பெரியவர்கள் சொல்வார்கள். "பள்ளி நாட்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஆண்டுவிழாப் பேச்சுதான் வரும். எந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்தீர்கள், எந்த வழியாக நடந்து வந்தீர்கள், தண்ணீர் எங்கே குடித்தீர்கள், யாரெல்லாம் ஒரே டம்ளரில் குடித்தீர்கள் என்று கேளுங்கள். பழைய வகுப்புப் படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, படத்தின் ஓரத்தில் நின்ற ஆயாவின் பெயரைத்தான் முதலில் சொன்னார். ஆசிரியர்கள் பெயர் பிறகுதான் வந்தது. ஆயா, பியூன், தோட்டக்காரர் பெயர்களை எந்த அறிக்கையிலும் நான் பார்க்கவில்லை. இவர்களைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

தமிழ் வகுப்பின் கதையை விட்டுவிடாதீர்கள். கண்டோன்மென்ட் பள்ளிகள் பலவற்றில் தமிழ்ப் பிரிவு இருந்தது. பள்ளி மொழிப்பாடம் பற்றிக் கர்நாடக அரசு அமைத்த வி.கே. கோகாக் குழுவின் அறிக்கை 1981இல் வந்தது. அடுத்த வருடம் பெரிய கிளர்ச்சி. கன்னடத்துக்குப் பள்ளியில் முதலிடம் வேண்டும் என்று கேட்டார்கள். இங்கே பிறந்து இங்கே வேலை தேடும் பிள்ளைக்குக் கன்னடம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் என் வகுப்பில் நாற்பதாக இருந்த எண்ணிக்கை இருபதாகி, ஆறாகி, கடைசி வருடம் இரண்டு பேருக்காக மட்டும் நான் கரும்பலகையில் எழுதினேன். கிளர்ச்சிக்குப் பின் கன்னடத்துக்கு முதலிடம் தந்து வந்த அரசாணை பாதிக் காரணம். மறுபாதி, தமிழ் எடுத்தால் மார்க் வராது என்று நம் வீடுகளிலேயே சொன்னது. இரண்டையும் எழுதுங்கள். வருடவாரியாக மொழிப்பாட எண்ணிக்கையை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுக்கலாம்.

அச்சுக்குப் போகும் முன் படங்களின் நகலை இரண்டு இடத்தில் வையுங்கள்: ஒன்று பள்ளியில், ஒன்று வெளியே. மலர் வெளிவந்த மறுவாரமே திருத்தங்கள் வரத் தொடங்கும். அதற்கென ஒரு தடித்த நோட்டு வாங்கி லைப்ரரியில் வையுங்கள். எங்கள் நோட்டில் முதல் திருத்தம் எழுதியது, மணி அடித்துக்கொண்டிருந்த பியூனின் மகள். அவர் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தை நான் தவறாகப் போட்டிருந்தேன். சரியான எழுத்தை எழுதி, பக்கத்தில் அப்பா வேலையில் சேர்ந்த வருடத்தையும் குறித்திருந்தார்.