படுத்திருக்கும் டேங்கில் கால் பங்கு எங்கே? சூத்திரத்துக்கு அடங்காத சமன்பாட்டைத் தீர்ப்பது எப்படி

பெட்ரோல் பங்கில் மூடியைத் திறந்து, நீளமான அளவுக் குச்சியை உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். தரைக்கடியில் இருக்கும் அந்த டேங்க், படுக்கவைத்த உருளை. குச்சி எவ்வளவு உயரம் நனைந்திருக்கிறது என்பதிலிருந்து உள்ளே எத்தனை லிட்டர் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜெனரேட்டர் அறையில் இதே மாதிரி ஒரு டீசல் டேங்கைப் பார்த்தேன். அதன் குச்சியை யாரோ நான்கு சமப் பாகமாகப் பிரித்து, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டிருந்தார்கள். அரை மட்டும்தான் சரி. மற்ற இரண்டும் தப்பு. உருளை படுத்திருக்கும்போது அடிப்பகுதி குறுகலாக இருக்கும், நடுப்பகுதி அகலமாக இருக்கும். அதனால் கால்வாசி உயரத்தில் கால்வாசி எண்ணெய் இருக்காது.

எவ்வளவு தப்பு என்று பார்ப்போம். விட்டம் 2 மீட்டர், கொள்ளளவு 20,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 செ.மீ. உயரம் நனைந்தால் 5,000 லிட்டர் என்று அந்தக் குச்சி சொல்லும். உண்மையில் இருப்பது சுமார் 3,910 லிட்டர்தான். ஆயிரம் லிட்டருக்கு மேல் வித்தியாசம்!

சரி, உண்மையான கால் கோடு எங்கே விழ வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்டதும், பள்ளியில் படித்த எந்தச் சூத்திரத்துக்கும் பிடிகொடுக்காத ஒரு சமன்பாடு வந்து நிற்கும். அதைத் தீர்க்கும் இரண்டு முறைகளைக் கையோடு செய்து பார்க்கலாம். ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும்.

படி 1: சமன்பாட்டை எழுதுங்கள்

டேங்கை அதன் முனைப் பக்கமிருந்து பாருங்கள். ஒரு வட்டம் தெரியும். எண்ணெயின் மேல்மட்டம் அந்த வட்டத்தில் ஒரு நாண். நாணின் இரு முனைகளையும் மையத்தோடு இணைத்தால் மையத்தில் ஒரு கோணம் கிடைக்கும். அதை 'க' என்று அழைப்போம். அளவு ரேடியனில்.

எண்ணெய் இருக்கும் பரப்பு என்பது வட்டக்கோணப் பகுதியிலிருந்து முக்கோணத்தைக் கழித்தது:

பரப்பு = ஆரம்² × (க − சைன்(க)) ÷ 2

இது முழு வட்டப் பரப்பில் கால்வாசியாக இருக்க வேண்டும். இரு பக்கமும் ஆரம்² அடிபட்டுப் போய், மிஞ்சுவது:

க − சைன்(க) = 1.570796

வலப்பக்கம் இருப்பது பை (π) என்ற எண்ணில் பாதி. ஆரம் காணாமல் போனதைக் கவனியுங்கள். சின்ன டேங்கோ பெரிய டேங்கோ, விடை ஒரே கோணம்தான்.

இப்போது 'க'வை மட்டும் ஒரு பக்கம் கொண்டுவர முயன்று பாருங்கள். வராது. அது சைனுக்கு வெளியேயும் இருக்கிறது, உள்ளேயும் இருக்கிறது. இது உங்கள் திறமைக் குறைவு இல்லை. செவ்வாய்க் கோளின் பாதையை ஆராய்ந்து 1609இல் நூல் வெளியிட்ட வானியலாளர் கெப்ளரும் இதே சுவரில்தான் முட்டி நின்றார். கோள் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று கணக்கிட அவருக்குக் கிடைத்த சமன்பாடும் இதே உருவம். ஒரே வித்தியாசம், அதில் சைனுக்கு முன்னால் பாதையின் மையத்தொலைத்தகவு, அதாவது பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லும் எண், பெருக்கலாக வரும். செவ்வாய்க்கு அது சுமார் 0.0934, பூமிக்கு 0.0167. அந்த இடத்தில் 1 போட்டால் நம் டீசல் டேங்க்! எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

படி 2: 'பிழை'யாக மாற்றுங்கள்

எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவாருங்கள்:

பிழை(க) = க − சைன்(க) − 1.570796

இனி நம் வேலை, பிழையைப் பூச்சியமாக்கும் 'க'வைத் தேடுவது. சின்ன மாற்றம் மாதிரி தெரியும். ஆனால் இதற்குப் பிறகு எந்த எண்ணை ஊகித்தாலும் அது எவ்வளவு தப்பு, எந்தப் பக்கம் தப்பு என்று உடனே தெரிந்துவிடும். தப்பை அளக்க முடிந்தால் திருத்தவும் முடியும். கீழே வரும் முறைகளெல்லாம் அந்தத் திருத்தத்தை எப்படிச் செய்வது என்பதில் மட்டுமே வேறுபடுகின்றன.

படி 3: விடையைச் சுற்றி வேலி போட்டுப் பாதியாக்குங்கள்

கால்குலேட்டரை ரேடியனுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

க = 2 என்றால் பிழை −0.4801
க = 3 என்றால் பிழை +1.2881

ஒன்று மைனஸ், ஒன்று பிளஸ். நடுவில் எங்கும் அறுபடாத கோடு மைனஸிலிருந்து பிளஸுக்குப் போகிறது என்றால் வழியில் பூச்சியத்தைத் தொட்டே ஆக வேண்டும். விடை 2க்கும் 3க்கும் இடையில் மாட்டிக்கொண்டது.

இப்போது நடு எண்ணை எடுங்கள். 2.5இல் பிழை +0.3307. அப்படியானால் விடை 2க்கும் 2.5க்கும் இடையில். மறுபடி நடு எண் 2.25, பிழை −0.0989. விடை 2.25க்கும் 2.5க்கும் இடையில். அடுத்து 2.375, பிழை +0.1105. அப்புறம் 2.3125, பிழை +0.0044. இப்போதே நன்றாக நெருங்கிவிட்டோம்.

இதற்கு இருசமக் கூறிடல் முறை என்று பெயர். ஒவ்வொரு முறையும் வேலியின் அகலம் பாதியாகிறது. அகலம் 1இல் தொடங்கினால் 20 முறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். மெதுவான முறைதான். ஆனால் சரியாக வேலி போட்டுவிட்டால் கைவிடவே கைவிடாது. புதிதாகப் படிப்பவர்கள் இதைச் சாதாரணமாக நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வேகமான முறை வழிதவறும்போது திரும்பி வருவதற்கு இதுதான் இடம்.

படி 4: சாய்வைப் பார்த்துத் தாவுங்கள்

பாதியாக்கும் முறை பிழையின் குறியை மட்டும்தான் பார்க்கிறது, பிளஸா மைனஸா என்று. பிழையின் அளவும், கோடு அந்த இடத்தில் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதும் அதற்குத் தேவையே இல்லை. அந்த இரண்டையும் பயன்படுத்துவதுதான் நியூட்டன்–ராப்சன் முறை.

நியூட்டன் 1669 வாக்கில் இதன் ஆரம்ப வடிவத்தை எழுதினார். ராப்சன் 1690இல் இன்னும் எளிய வடிவத்தை வெளியிட்டார். நாம் இன்று வகைக்கெழுவை (கோட்டின் சாய்வை) வைத்து எழுதும் வடிவம் 1740இல் சிம்சன் கொடுத்தது.

யோசனை எளிது. நாம் நிற்கும் இடத்தில் வளைகோட்டுக்கு ஒரு தொடுகோடு வரையுங்கள். அந்த நேர்கோடு பூச்சியத்தை எங்கே தொடுகிறதோ, அதுவே அடுத்த ஊகம்:

புதிய க = பழைய க − பிழை ÷ சாய்வு

நம் பிழையின் வகைக்கெழு, அதாவது சாய்வு = 1 − காஸ்(க).

க = 3இல் தொடங்குவோம். பிழை 1.2881, சாய்வு 1.9900. வகுத்தால் 0.6473. புதிய க = 2.35272. அங்கிருந்து மறுபடி செய்தால் 2.31027. மறுபடி 2.30988. மறுபடி செய்தாலும் 2.30988. முடிந்தது! மூன்றே தாவலில் ஐந்து தசம இடம் சரியாகிவிட்டது. விடைக்குப் பக்கத்தில் வந்தபின், சரியான தசம இடங்கள் ஒவ்வொரு தாவலிலும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதுதான் இந்த வேகத்துக்குக் காரணம்.

ஒவ்வொரு முறையும் முழுதாகத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. பெரும்பாலான சயின்டிஃபிக் கால்குலேட்டர்களில் முந்தைய விடையை வைத்திருக்கும் 'ஆன்ஸ்' விசை இருக்கும். முதலில் 3 அழுத்திச் சமக்குறி. அப்புறம் மேலே உள்ள சூத்திரத்தில் 'க' வரும் இடமெல்லாம் ஆன்ஸ் போட்டு ஒரே ஒருமுறை எழுதுங்கள். அதன்பின் சமக்குறியை மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தால், எண்கள் விடையை நோக்கி ஓடிவருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இனி குச்சிக்கு வருவோம். உயரம் = ஆரம் × (1 − காஸ்(க ÷ 2)). ஆரம் 100 செ.மீ. என்றால் 59.6 செ.மீ. கால் கோடு 50இல் இல்லை, 59.6இல் விழ வேண்டும். வட்டம் மேலும் கீழும் ஒரே மாதிரி என்பதால் முக்கால் கோடு 200 − 59.6 = 140.4 செ.மீ. நிஜ டேங்கின் முனைகள் கொஞ்சம் உப்பலாக இருக்கலாம், டேங்க் சற்றுச் சாய்வாகப் புதைக்கப்பட்டிருக்கலாம். அதனால் பங்கில் அந்தந்த டேங்குக்கு என்றே தயாரித்த அட்டவணையைப் பார்ப்பார்கள். நம் கணக்கு தட்டையான முனையும் சம மட்டமும் உள்ள டேங்குக்கு.

எங்கே சறுக்கும்?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பலர் முறையைப் புரிந்துகொண்ட பிறகும் விடை வராமல் தவிப்பது இங்கேதான்.

முதலாவது, கால்குலேட்டர் டிகிரியில் இருப்பது. 3இல் தொடங்கி டிகிரியில் செய்து பாருங்கள், முதல் தாவலிலேயே மைனஸ் ஆயிரத்துக்குப் போய்விடும். எண் இப்படி எகிறினால் சூத்திரத்தைச் சந்தேகிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

இரண்டாவது, மோசமான தொடக்கம். க = 0.5இல் தொடங்கினால் அங்கே சாய்வு வெறும் 0.1224. பிழையை இவ்வளவு சின்ன எண்ணால் வகுத்தால் தாவல் பெரிதாகி, அடுத்த ஊகம் 13.16 என்று வரும். அது இரண்டு முழுச் சுற்றுக்கும் மேல்! க = 0இல் சாய்வே பூச்சியம், வகுக்கவே முடியாது. அதனால்தான் படி 3ஐ விடாதீர்கள் என்றேன். நான் செய்யும் வழி இது: நாலைந்து முறை பாதியாக்கி நெருங்கியபின் நியூட்டனிடம் ஒப்படைப்பது.

மூன்றாவது, விடையைத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் விடுவது. 2.30988 − சைன்(2.30988) எவ்வளவு? 1.5708. சரியாக வருகிறது. பத்து நொடி வேலை, ஆனால் முழு நம்பிக்கையும் அதிலிருந்துதான் வருகிறது.

படி 5: குறைந்த செலவைத் தேடுவதும் இதே கணக்குதான்

இப்போது வேறு கேள்வி. 1,000 லிட்டர், அதாவது 1 கன மீட்டர் பிடிக்கும் மூடிய உருளை டேங்கை நிற்கவைத்துச் செய்ய வேண்டும். தகடு மிகக் குறைவாகச் செலவாக ஆரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

கன அளவு 1 என்பதால் உயரம் = 1 ÷ (பை × ஆரம்²). இதைப் பக்கத் தகட்டின் பரப்பான 2 × பை × ஆரம் × உயரத்தில் போட்டால் 2 ÷ ஆரம் ஆகிவிடும். மேல்மூடியையும் அடியையும் சேர்த்தால்:

தகட்டுப் பரப்பு = 2 × பை × ஆரம்² + 2 ÷ ஆரம்

ஆரம் 0.3 மீட்டர் என்றால் 7.23 சதுர மீட்டர். 0.5 என்றால் 5.57. 0.7 என்றால் 5.94. 0.9 என்றால் 7.31. முதலில் இறங்கி, பிறகு ஏறுகிறது. பள்ளத்தின் அடியில் கோடு தட்டையாக இருக்கும், அதாவது சாய்வு பூச்சியம். பூச்சியத்தைத் தேடுவது நமக்குத் தெரிந்த வேலைதானே!

சாய்வு = 4 × பை × ஆரம் − 2 ÷ ஆரம்²

இதையே 'பிழை' என்று எடுத்துக்கொண்டு நியூட்டன் முறையைப் போடுங்கள். வகுக்க வேண்டியது சாய்வின் சாய்வு, அதாவது இரண்டாம் வகைக்கெழு: 4 × பை + 4 ÷ ஆரம்³. 0.5இல் தொடங்கினால் 0.5385, 0.5419, பிறகு மாறவே மாறாது. ஆரம் 54.2 செ.மீ., உயரம் 108.4 செ.மீ. உயரமும் விட்டமும் சமம். தகடு 5.536 சதுர மீட்டர். இரண்டாம் வகைக்கெழு பிளஸாக இருப்பதால் இது பள்ளம், மேடு இல்லை. இதைச் சரிபார்க்காமல் விட்டால் சிறுமத்துக்குப் பதில் பெருமத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவோம்.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடும். ஆனால் பட்டறைக்குத் தேவையான செய்தி இதற்கு அடுத்துதான் இருக்கிறது. ஆரத்தை 54.2க்குப் பதில் 50 என்று வைத்தால் தகடு 5.571. கூடுதல் செலவு ஒரு சதவீதம்கூட இல்லை, 0.63தான். பள்ளத்தின் அடி தட்டையாக இருப்பதால் கொஞ்சம் நகர்ந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. கிடைக்கும் தகட்டின் அகலத்துக்கும் வாசல் அளவுக்கும் ஏற்ப ஆரத்தைத் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். உகந்த எண்ணைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அதைச் சுற்றிப் பள்ளம் எவ்வளவு அகலம் என்றும் பாருங்கள்.

படி 6: இரண்டாம் வகைக்கெழு இல்லாமல் இறங்குவது

மாறிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் கணக்குகளில் இரண்டாம் வகைக்கெழுவைக் கணக்கிடுவது பெரும்பாடு. அப்போது சாய்வை மட்டும் பார்த்து, இறங்கும் பக்கம் ஒரு சின்ன அடி வைப்பார்கள்:

புதிய ஆரம் = பழைய ஆரம் − அடியளவு × சாய்வு

இது கணித அறிஞர் கோஷி 1847இல் விவரித்த முறை. இன்று செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பழக்குவதும் இதன் வழிவந்த முறைகளால்தான்.

அடியளவு 0.02 என்று வைத்து 0.5இல் தொடங்குங்கள்: 0.5343, 0.5401, 0.5415 என்று அமைதியாக இறங்கும். அடியளவை 0.1 ஆக்குங்கள்: 0.672, 0.271, 2.655! பள்ளத்தைத் தாண்டி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று குதித்து எங்கோ போய்விடுகிறது. கணக்கு சிதறினால் அடியளவைப் பாதியாக்கிப் பாருங்கள். ரொம்பச் சின்னதாக்கினால் சிதறாது, ஆனால் போய்ச் சேர நேரம் பிடிக்கும்.

நீங்களே செய்து பார்க்க

ஒன்று, அதே 2 மீட்டர் விட்ட டேங்கில் அரைக்கால் பங்கு, அதாவது எட்டில் ஒரு பங்கு, எந்த உயரத்தில்? வலப்பக்கத்தில் 1.570796க்குப் பதில் 0.785398 போடுங்கள், 2இல் தொடங்குங்கள். 'க' 1.7663 என்றும், உயரம் 36.5 செ.மீ. என்றும் வர வேண்டும்.

இரண்டு, மேல்மூடி இல்லாத 1,000 லிட்டர் தொட்டிக்குத் தகடு குறைய வேண்டும். பரப்பில் 2 × பைக்குப் பதில் ஒரு பை மட்டும் வரும். ஆரம் 68.3 செ.மீ. வந்தால் சரி. உயரத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள், அதுவும் 68.3தான்.