டயாலிசிஸில் இருக்கும் அப்பாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

அன்றிரவு அப்பா படுக்கவேயில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி விடியும்வரை என்னோடு பேசிக்கொண்டிருந்தார். நான்கு வருடம் கழித்து மகன் வந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில், படுத்தால் அவருக்கு மூச்சு முட்டியது.

சித்தப்பாவின் பத்திர வேலைதான் காரணம். நான் ஊரில் இருக்கும்போதே அப்பா கையெழுத்துப் போட்டாக வேண்டுமாம். பதிவு அலுவலகம் கொடுத்த தேதி டயாலிசிஸ் நாளில் விழுந்தது. "டயாலிசிஸை ஒரு நாள் தள்ளினா என்னடா ஆயிடும்?" என்றார் அப்பா. அம்மா வேண்டாம் என்றாள். லீவு முடிவதற்குள் வேலை ஆனால் சரி என்று தலையாட்டியவன் நான். காலை ஒன்பதிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு சாட்சி வரவில்லை, அப்புறம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, அப்புறம் அதிகாரி சாப்பிடப் போய்விட்டார். தாகம் என்று அப்பா கேட்கக் கேட்கத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். மாலை நான்கு மணிக்கு, "நாளைக்கு வாங்க."

சிறுநீர் பிரியாதவருக்குக் குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கி, கடைசியில் நுரையீரலுக்குப் போகிறது. எடை பாருங்கள், ஓரிரு நாளில் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். படுக்க முடியாமல் மூச்சு வாங்கினால் அடுத்த டயாலிசிஸ் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

டயாலிசிஸ் தள்ளிப்போனால் ரத்தத்தில் ஏறுகிற பொட்டாசியம் இதைவிட மோசம், சத்தமே போடாது. கால் திடீரென்று துவண்டாலோ, நாடி மிக மெதுவாகவோ தாறுமாறாகவோ அடித்தாலோ ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். இதயம் நின்ற பிறகுதான் தெரிந்தது என்று ஆகிவிடக் கூடாது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் வரும் நீண்ட இடைவெளிதான் ரொம்ப ஆபத்தான நேரம். நாங்கள் அதை இன்னும் ஒரு நாள் நீட்டியிருந்தோம்.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த இடம்தான் ஃபிஸ்டுலா. அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள், உள்ளே ஓர் அதிர்வு ஓடும். அது நின்றிருந்தால் அடைப்பு, அன்றைக்கே காட்ட வேண்டும். அங்கே ரத்தம் பீறிட்டால் துண்டைச் சுற்றிக்கொண்டிருக்காதீர்கள். ரத்தம் வருகிற புள்ளியிலேயே விரலை வைத்து அழுத்தி, எடுக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ, டயாலிசிஸ் ஊசி தவிர வேறு ஊசி போடவோ விடாதீர்கள். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் கத்தீட்டர் என்கிற குழாய் வைத்தவருக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கலாம். மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்கிற காய்ச்சல் அல்ல அது.

அவசரப் பிரிவில் டாக்டர் என்னைத்தான் கேட்டார்: கடைசி டயாலிசிஸ் என்றைக்கு, நீர் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை எவ்வளவு? முதல் கேள்விக்குச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டாவதற்கு அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் சொன்னாள், 58.5.