பழைய ஸ்போர்ட்ஸ் கார் சேஸிஸ்: தண்ணி வெளிய போகணும், ஸ்பேனர் உள்ள போகணும்

பாண்டி, கடலூர் பக்கம் பழைய கார் வச்சிருக்கவங்க சேஸிஸ்ல கை வைக்கணும்னாலே முதல்ல கேக்குறது எக்ஸ்ட்ரா பட்டை வெல்டு பண்ணலாமா, கனமான தகடு அடிக்கலாமான்னுதான். வேணாங்க. நம்ம கடலோரத்துல சேஸிஸ் போறது பலம் பத்தாம இல்ல, சேஸிஸ் சட்டம் பாக்ஸ் மாதிரி உள்ள காலியா இருக்கும், அதுக்குள்ள உப்புச் சேறு தங்கி உள்ளேருந்தே அரிச்சுட்டு வரும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும், ஒருநாள் ஜாக்கி போட்டா ஜாக்கி தலை உள்ள போயிடும். அதனால இங்க சொல்றது எல்லாம் சின்ன வேலைதான், வீட்டு வாசல்லயே பண்ணலாம். இன்னொரு காரணமும் இருக்கு, 2021ல வந்த விண்டேஜ் விதிப்படி 50 வருஷம் தாண்டுன வண்டியா இருந்தாலும் சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாத்தம் பண்ணாம இருந்தாதான் விண்டேஜ் வண்டிக்கான 'விஏ' பதிவு நம்பர் தருவாங்க. சேஸிஸ் நம்பர் குத்தியிருக்க இடத்துக்கிட்ட கிரைண்டரே கொண்டு போகாதீங்க.

உதாரணத்துக்கு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்ங்கற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார எடுத்துக்குறேன். வண்டி நம்மூர்ல அபூர்வம், ஆனா அதோட அடிச்சட்டம் அதே ட்ரையம்ப்போட ஹெரால்டு காருலேருந்து வந்தது, ஹெரால்ட மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு கம்பெனி 1960கள்ல செஞ்சுட்டு இருந்தாங்க, அதனால பழைய மெக்கானிக்குங்க கை அதுல பழகியிருக்கும். ஒரு வித்தியாசம் மட்டும் ஞாபகம் வைங்க. ஹெரால்டுல பாடிய சுத்தி அவுட்ரிகர் (சேஸிஸ்லேருந்து பக்கவாட்டுல நீட்டுற கை) தாங்கும், ஸ்பிட்ஃபயர்ல கதவுக்குக் கீழ இருக்க 'சில்'ங்கற தகட்டுப் பெட்டியும் சேந்துதான் பாரத்த தாங்குது, அதனால பாடிய தூக்குறதுக்கு முன்னாடி கதவு இடைவெளில குறுக்கால பைப்பு போட்டு கட்டிடணும், இல்லன்னா திரும்ப வைக்கும்போது கதவு மூடாது.

முதல் வேலைக்கு ட்ரில் மிஷினே வேணாம், ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பி போதும். வண்டிய ஸ்டாண்டுல நிறுத்துங்க, வெறும் ஜாக்கிய நம்பி அடியில போகாதீங்க, ஹாலோ பிளாக் கல்ல முட்டு குடுக்கவே கூடாது, அது சொல்லாம உடையும். சேஸிஸ் அடியில கம்பெனிக்காரன் விட்ட ஓட்டைங்க இருக்கும், அதுல பாதி அண்டர்கோட்டிங் அடிச்சு அடைச்சிருப்பாங்க. கம்பிய விட்டு கிண்டுனா டீத்தூள் மாதிரி துரு கொட்டும், அப்புறம் ஈரச் சேறு வரும், சித்திரை வெயில்லயும் ஈரமா வந்தா நிலைமைய நீங்களே புரிஞ்சுக்கோங்க. எல்லாம் வந்தப்புறம் ஹோஸ் விட்டு கழுவுங்க, ஆனா கடலோரம் பல இடத்துல போர் தண்ணியே உப்பு, அத உள்ள விட்டா கழுவுன மாதிரி ஆகாது, மழைத்தண்ணி பிடிச்சு வச்சது இருந்தா அதான் சரி.

புதுசா ஓட்டை போடணும்னா அவுட்ரிகர் நுனில, இருக்கறதுலயே தாழ்வான இடத்துல 8 எம்எம் போடலாம், அங்க பாரம் கம்மி. மெயின் ரெயில்ல (நீளவாக்குல ஓடுற பெரிய சட்டம்) மேல் தகட்டுலயும் கீழ் தகட்டுலயும் போடாதீங்க, வளையுற விசை அதிகமா அங்கதான் விழும், உள்ள துரு பிடிக்காம இருக்க மெழுகு அடிக்க வழி வேணும்னா பக்கத் தகட்டுல நடு உயரத்துல போடுங்க, சஸ்பென்ஷன் பிடிக்கிற இடத்துக்கும் வெல்டுக்கும் தள்ளி. பிசிர அரத்தால எடுத்து ரெண்டு கோட்டு பிரைமர் அடிங்க, பக்கத் தகட்டு ஓட்டைக்கு ரப்பர் கிராமெட் (மூடி), கீழ இருக்கறது திறந்தே இருக்கட்டும். வெல்டிங் இருந்தா பெட்ரோல் டேங்க கழட்டி தூர வச்சுட்டு (காலி டேங்குதான் இன்னும் ஆபத்து) அத முதல்ல முடிங்க, மெழுகு கடைசில, மாத்தி பண்ணா உள்ள தீ பிடிக்கும். மெழுகு டப்பாவ சுடுதண்ணில வச்சா எளசாகி நல்லா உள்ள போகும். வேஸ்ட் ஆயில் அடிக்கிற பழக்கம் நம்ம பட்டறைங்கள்ல உண்டு, ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊதிப்போயிடும், விட்டுடுங்க.

அடுத்தது ஸ்பேனர் உள்ள போற வழி. ஸ்பிட்ஃபயர்ல கியர்பாக்ஸ் மேல இருக்கறது போல்ட்டுல நிக்கிற தனி கவர்தான், அதுல ஆயில் பிளக்குக்கு நேரா வட்டமா வெட்டி ரப்பர் மூடி போட்டா கார்பெட்ட தூக்கி ஆயில் பாக்கலாம், ஊத்தலாம். எம்ஜிபிங்கற இன்னொரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்ல, ஆரம்பகாலத்துல, கம்பெனியே டனல்ல (கியர்பாக்ஸ மூடுற மேட்டுத் தகடு) ரப்பர் மூடி வச்சு கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்க அடியில குடுத்திருந்தான், அதனால இது ஒண்ணும் அட்டூழியம் இல்ல. ஆனா எம்ஜிபி மாதிரி பாடியே சேஸிஸா இருக்க வண்டில டனல் தகட்ட நீங்களா வெட்டக் கூடாது.

போல்ட்டு விஷயத்துல அவசரம் வேணாம். 5/16 யுஎன்எஃப் (இன்ச் அளவு மரை) போல்ட்டுக்கு பதிலா கடையில எம்8 (மில்லிமீட்டர் அளவு) குடுப்பாங்க, தடிமன் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 7.94 மில்லிமீட்டருக்கு 8, ஆனா மரை வேற, ரெண்டு சுத்து போயி இறுகும், அதுக்கு மேல திருகுனா மரை போச்சு. தளத்தட்டு, மட்கார்டு மாதிரி இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் போட்டு காப்பர் கிரீஸ் தடவிடுங்க, அடுத்த தடவ கையாலயே கழலும். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங்குக்கு ஸ்டெயின்லெஸ் வேணாம், சாதாரண ஏ2-70 கிரேடு ஸ்டெயின்லெஸ் போல்ட்டு, 8.8 கிரேடு ஹைடென்சில் போல்ட்ட விட பலம் கம்மி.

பிரேக் பைப்பு மாத்துற நேரம் வந்தா காப்பர் நிக்கல் பைப்பு போடுங்க, உப்புக்காத்து அத ஒண்ணும் பண்ணாது, கல்லு அடிக்காத பக்கமா கிளிப் போட்டு கொண்டு போங்க, அவ்ளோதான்.

கடைசியா ஸ்பிட்ஃபயரோட முன்சக்கர ட்ரனியன், அதாவது சக்கரத்த தாங்குற செங்குத்து தண்டு (வெர்டிகல் லிங்க்) கீழ மரையில திருகி நிக்கிற மூட்டு. இதுக்கு கிரீஸ் இல்ல, இபி90 கியர் ஆயில், மேனுவல்லயே அப்படித்தான் இருக்கு. கிரீஸ் அடிச்சா மரைக்குள்ள சரியா போகாது, தண்ணி உள்ள போயிடும், வெர்டிகல் லிங்க் கீழ் மரைல துரு பிடிச்சு ஒருநாள் முறிஞ்சா சக்கரம் மடிஞ்சு படுத்துக்கும். கம்பெனி அங்க ஒரு பிளக்கு வச்சிருப்பான், ஒவ்வொரு தடவையும் அத கழட்டி நிப்பிள் (கன் வாய் மாட்டுற முனை) மாட்டி அடிச்சு திரும்ப பிளக்கு போடணும், சோம்பேறித்தனத்துல யாரும் பண்றதில்ல. நிப்பிளையே நிரந்தரமா விட்டு மேல ஒரு ரப்பர் தொப்பி போட்டுடுங்க, பழைய கிரீஸ் கன் ஒண்ண கழுவி ஆயில் நிரப்பி தனியா வச்சுக்கோங்க, அதுல பெயிண்ட்டால 'ஆயில்'னு எழுதிடுங்க, பட்டறை பையன் தெரியாம கிரீஸ் நிரப்பிடுவான். ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவ, தை பொறந்ததும் ஒரு தடவ, சக்கரத்த ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிக்கிட்டே, ஆயில் மேல கசியுற வரைக்கும் அடிங்க.