ஒரே லைப்ரரி, ஜாங்கோ 4.2 முதல் 6.0 வரை: எப்படிச் செய்வது?

ஜாங்கோ என்பது பைத்தானில் வெப்சைட் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க். அதற்காக நீங்கள் எழுதிய லைப்ரரியைப் பலர் பயன்படுத்தினால், எல்லோரும் ஒரே ஜாங்கோ வெர்ஷனில் இருக்க மாட்டார்கள். புதியது வந்த வாரமே மாறுகிறவர்கள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கை வைக்க அனுமதி கிடைக்காதவர்களும் உண்டு. இரண்டு தரப்பையும் உடைக்காமல் லைப்ரரியைக் கொண்டுபோவது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: எல்லையை முடிவு செய்யுங்கள்

ஏப்ரல் 2023-இல் வந்த 4.2, ஏப்ரல் 2025-இல் வந்த 5.2 இரண்டும் மூன்று ஆண்டு ஆதரவுடன் வெளியான எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு) வெர்ஷன்கள். 6.0 டிசம்பர் 2025-இல் வந்தது. 6.0 வந்தபின் 5.2-க்கு முந்தையவற்றை லைப்ரரிகள் கைவிடலாம் என்பதே ஜாங்கோவின் பொது ஆலோசனை. ஆனாலும் 4.2-இல் இருப்பவர்களை இப்போதைக்கு விட முடியாது என்று வைத்துக்கொள்வோம்.

டிபெண்டென்சியில், அதாவது லைப்ரரிக்கு எந்த ஜாங்கோ தேவை என்று குறிக்கும் இடத்தில், ‘4.2 அல்லது அதற்கு மேல்’ என்று மட்டும் எழுதுங்கள். மேல் வரம்பு வேண்டாம். வரம்பு போட்டால், உங்கள் லைப்ரரி அடுத்த ஜாங்கோவில் நன்றாகவே ஓடினாலும் பயனரால் அதை நிறுவவே முடியாது.

படி 2: மூன்றிலும் டெஸ்ட் ஓட்டுங்கள்

4.2, 5.2, 6.0 மூன்றுக்கும் பொதுவான பைத்தான் 3.12. அதில் தொடங்குங்கள். டாக்ஸ் என்ற கருவியில் வெர்ஷனுக்கு ஒன்றாக மூன்று என்விரான்மென்ட் (தனிச் சூழல்) அமைத்தால் ஒரே கட்டளையில் மூன்றும் ஓடும். டெஸ்ட் ஓடாத வெர்ஷனை ‘ஆதரிக்கிறோம்’ என்று ரீட்மீயில் எழுதாதீர்கள்.

பைத்தானை டபிள்யூ-டி (-Wd) ஆப்ஷனுடன் ஓட்டுங்கள். வழக்கமாக மறைந்திருக்கும் டெப்ரிகேஷன் எச்சரிக்கைகள் (பின்னால் நீக்கப்படவிருப்பவை பற்றியவை) அப்போது தெரியும். அடுத்து எது உடையப்போகிறது என்பதை ஜாங்கோ அதில் வெர்ஷன் எண்ணோடு சொல்லிவிடுகிறது.

படி 3: வித்தியாசங்களை ஒரே ஃபைலில் அடக்குங்கள்

டேட்டாபேஸில் சேரும் மதிப்புக்கு நிபந்தனை விதிக்கும் செக் கன்ஸ்ட்ரெயின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 4.2-இல் நிபந்தனையை ‘செக்’ என்ற ஆர்கியுமென்ட்டில் கொடுக்க வேண்டும். 5.1-இல் அதன் பெயர் ‘கண்டிஷன்’ ஆனது. பழைய பெயர் எச்சரிக்கையோடு 5.2 வரை ஓடியது, 6.0-இல் நீக்கப்பட்டது. ஆக, 4.2-க்கும் 6.0-க்கும் பொதுவான பெயரே இல்லை.

டேட்டாபேஸ் டேபிள்களை விவரிக்கும் மாடல் ஃபைல்களில் ஆங்காங்கே இஃப்-எல்ஸ் போட்டால் ஆறு மாதத்தில் எது எதற்கு என்றே தெரியாது. காம்பாட் என்று ஒரு ஃபைல் வைத்து, அதில் ஒரு சிறிய ஃபங்ஷன் எழுதுங்கள். அது நிபந்தனையையும் கன்ஸ்ட்ரெயின்ட்டின் பெயரையும் வாங்கும், ஜாங்கோ 5.1 அல்லது அதற்கு மேல் என்றால் ‘கண்டிஷன்’, இல்லையென்றால் ‘செக்’ என்று அனுப்பி, கன்ஸ்ட்ரெயின்ட்டைத் திருப்பித் தரும். மாடல்கள் இந்த ஃபங்ஷனை மட்டுமே அழைக்கட்டும்.

வெர்ஷனை ஒப்பிடும்போது ஜாங்கோ தரும் டியூப்பிளையே (எண்கள் தனித்தனியாக உள்ள வரிசை) பயன்படுத்துங்கள். ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டால் ‘10.0’ என்பது ‘9.0’-ஐவிடச் சிறியதாகிவிடும், ஏனென்றால் முதலில் ஒப்பிடப்படுவது 1-உம் 9-உம்தான்.

படி 4: மைக்ரேஷன்களை மறக்காதீர்கள்

மாடலைத் திருத்தியதும் வேலை முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுவது இங்கேதான். மாடலில் செய்த மாற்றத்தை டேட்டாபேஸுக்குக் கொண்டுபோகும் மைக்ரேஷன் ஃபைல்களும் லைப்ரரியோடு சேர்ந்தே பயனரிடம் போகின்றன. அவற்றை உருவாக்கும் மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையை 5.2-இல் ஓட்டினால் ஃபைலில் ‘கண்டிஷன்’ என்று எழுதப்படும், அது 4.2-இல் டைப் எரர் தந்து நிற்கும். 4.2-இல் ஓட்டி உருவாக்கினால் ‘செக்’ என்று வரும், அது 6.0-இல் நிற்கும். இரண்டில் எதில் உருவாக்கினாலும், அந்த வரியைக் கையால் திருத்தி காம்பாட் ஃபங்ஷனை அழைக்க வையுங்கள். பிறகு மூன்று வெர்ஷனிலும் மேக்மைக்ரேஷன்ஸை ‘--check’ ஆப்ஷனுடன் ஓட்டுங்கள் (இது மேலே சொன்ன ‘செக்’ ஆர்கியுமென்ட் அல்ல). புதிய மாற்றம் எதுவும் இல்லை என்று மூன்றும் சொல்ல வேண்டும்.

படி 5: பழையதை நிறுத்தும் நாள்

4.2-ஐ நிறுத்துவதை உங்கள் லைப்ரரியின் மேஜர் வெர்ஷனில் (முதல் எண் மாறும் வெளியீட்டில்) செய்யுங்கள், சேஞ்ச்லாகில் முதல் வரியிலேயே சொல்லுங்கள். டிபெண்டென்சியின் கீழ் வரம்பையும் அதே வெளியீட்டில் 5.2-க்கு உயர்த்துங்கள். ஜாங்கோவை 4.2 என்றே நிலைநிறுத்தி (pin) வைத்திருக்கும் பயனருக்கு, உங்கள் லைப்ரரிக்கு வெர்ஷன் குறிப்பிடாதவரை, பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் பிப் தானாகவே உங்கள் பழைய வெளியீட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். கீழ் வரம்பை உயர்த்த மறந்தால் புதிய வெளியீடு அவரிடம் போய் உடையும்.

காம்பாட் ஃபைலில் 4.2-க்கான கிளையை அப்போது நீக்கலாம். ஃபங்ஷனையே நீக்குவதற்கு முன், அதை இம்போர்ட் செய்யும் பழைய மைக்ரேஷன்களில் நேரடியாக ‘கண்டிஷன்’ என்று மாற்றிவிடுங்கள்.