கிளார்க்கைப் படித்துவிட்டு எழுத வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடா, சூளூர்பேட்டை, ஆரம்பாக்கம், பழவேற்காடு என்று ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கிடக்கும் எங்கள் ஊர்களில் ராக்கெட் பார்க்காத பிள்ளை கிடையாது. அதனால்தானோ என்னவோ, அறிவியல் புனைகதை எழுத ஆசைப்படுகிறவர்களும் இங்கே நிறையப் பேர். அவர்களில் பலர் முதலில் பிடித்துக்கொள்ளும் பெயர் ஆர்தர் சி. கிளார்க். இயற்பியலை மீறாமல் கதை சொன்னவர். இங்கிலாந்தில் பிறந்து, 1956-லிருந்து 2008-ல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். நல்ல வழிகாட்டிதான். ஆனால் அவருடைய வாழ்க்கையைத் தப்பாகப் புரிந்துகொண்டால் நாம் எழுதுகிற கதையும் தப்பாகத்தான் போகும்.

முதலில் விட வேண்டியது, அவரைத் தீர்க்கதரிசி ஆக்குவது. ‘செயற்கைக்கோளைக் கண்டுபிடித்தவர்’ என்று பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் இன்னும் சொல்கிறார்கள். அவர் செய்தது வேறு. 1945 அக்டோபரில், 27 வயதில், ஒரு வானொலித் தொழில்நுட்ப இதழில் கட்டுரை எழுதினார். பூமியின் மையத்திலிருந்து சுமார் 42,000 கிலோமீட்டர் தொலைவில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே ஒரு பொருளைச் சுற்றவிட்டால் அது பூமியோடு சேர்ந்து ஒரே நாளில் ஒரு சுற்றை முடிக்கும். கீழிருந்து பார்த்தால் நகராமல் நிற்கும். 120 பாகை இடைவெளியில் அப்படி மூன்றை நிறுத்தினால் ஏறக்குறைய உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம். இவ்வளவுதான் சாரம். அந்தச் சுற்றுப்பாதையைக்கூட அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, ஹெர்மன் பொடோச்னிக் என்ற பொறியாளர் 1920-களின் இறுதியிலேயே எழுதியிருந்தார். அதைத் தகவல்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியதுதான் கிளார்க்கின் பங்கு. அதிலும் ஒரு கணிப்பு தவறியது. கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ரேடியோ இயங்கிய காலம் அது. வால்வு பழுதானால் மாற்ற ஆள் வேண்டுமே என்று, அந்த நிலையங்களில் மனிதர்கள் இருப்பார்கள் என நினைத்தார். டிரான்சிஸ்டர் வந்து அந்த வேலையை இல்லாமல் செய்துவிட்டது. 1964-ல் சின்காம் 3 என்ற செயற்கைக்கோள் ஆளே இல்லாமல் போய் நின்றது.

இதைச் சொல்வது அவரைக் குறைத்துப் பேச அல்ல. ஜோசியம் பலித்ததா என்று பார்த்தால் அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள எதுவுமே இருக்காது. கணக்கை எப்படிப் போட்டார் என்று பார்த்தால் நிறைய இருக்கிறது.

அவருடைய வேலை வாழ்க்கையைத் தாண்டிக் குதிப்பது இரண்டாவது தவறு. விவசாயக் குடும்பம், அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். கல்லூரிக்குப் போக வசதியில்லாமல் லண்டனில் கல்வித் துறையில் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். போர் வந்ததும் விமானப்படையில் ரேடார் வேலை. மூடுபனியில் விமானத்தைத் தரையிலிருந்து வழிகாட்டி இறக்கும் கருவி அது. போர் முடிந்த பிறகுதான் கணிதமும் இயற்பியலும் படித்துப் பட்டம் வாங்கினார். அப்புறம் உலகெங்கும் வெளியாகும் இயற்பியல் கட்டுரைகளின் சுருக்கங்களை வெளியிடும் இதழில் உதவி ஆசிரியர். எழுத்தாளருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. ‘விஞ்ஞானியாக இருந்தால்தான் எழுத முடியும்’ என்று தயங்கும் பிள்ளைகள் இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். 1948-ல் பிபிசி நடத்திய போட்டிக்கு அவர் அனுப்பிய சிறுகதைக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. பின்னால் இயக்குநர் குப்ரிக்கின் ‘2001’ படத்துக்கு வித்தாக அமைந்தது அந்தக் கதைதான். நாவல் முதலில் வந்து அதைப் படமாக்கினார்கள் என்பதும் தவறு. நாவலும் திரைக்கதையும் ஒரே காலத்தில், இருவரும் பேசிப் பேசி வளர்ந்தவை.

சரி, எழுத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எழுதும் ஏவுதல் காட்சிகளில் தவறாமல் வரும் ஒரு பிழை: நெருப்பும் சத்தமும் ஒன்றாக வருவது. பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் 35 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும். அப்படியானால் கிளம்பிய சத்தம் கரைக்கு வர நூறு விநாடிக்கு மேல் ஆகும். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டம் எரிந்து தீர்வதே சுமார் 110 விநாடியில். அதாவது, மேலே ஒரு புள்ளி சத்தமே இல்லாமல் ஏறிப் போகிறது. கரையில் நிற்பவர்கள் கையைத் தூக்கிக் காட்டி முடித்து, பாதிப் பேர் திரும்பத் தொடங்கிய பிறகுதான் அடிவயிற்றில் அந்த உறுமல் விழுகிறது. கண்ணால் பார்த்தவர்களே இதை மறந்துவிட்டு சினிமாவில் பார்த்ததை எழுதுகிறார்கள் என்பதுதான் வருத்தம். இந்த நூறு விநாடி மௌனத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

ராக்கெட் நேராக மேலே போய் விண்வெளியில் நின்றுவிடுவதாக எழுதுவதும் அதே வகை. உயரம் மட்டும் போதாது, பக்கவாட்டு வேகம் வேண்டும்; தாழ்ந்த சுற்றுப்பாதைக்கே விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல். ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் அட்சரேகையில் பூமியின் சுழற்சியே விநாடிக்கு 450 மீட்டர் வரை இனாமாகத் தருகிறது, ஆனால் கிழக்கே ஏவினால்தான். துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்குத் தெற்கே போக வேண்டிய ராக்கெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. போதாததற்கு வழியில் இலங்கை இருக்கிறது. மக்கள் வாழும் தீவின் மேல் பறக்கக் கூடாது என்று முதலில் தென்கிழக்கே போய், பிறகு வளைந்து தெற்கே திரும்புகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகிறது, சுமக்கும் எடை குறைகிறது. குலசேகரப்பட்டினத்தில் இன்னொரு ஏவுதளத்துக்கு 2024-ல் அடிக்கல் நாட்டியதற்கு இதுவே முக்கியக் காரணம். கதையில் இப்படி ஒரு தடை வந்தால் அதை அழித்துவிடாதீர்கள். பாத்திரங்கள் முடிவெடுக்க வேண்டிய இடம் அங்கேதான் பிறக்கிறது.

தடையை மாற்றியே தீர வேண்டுமென்றால்? அதற்கும் கிளார்க்கிடம் வழி இருக்கிறது. பூமியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டும் கதையை 1979-ல் நாவலாக எழுதினார். அதன் அடித்தளம் நிலநடுக்கோட்டில் இருக்க வேண்டும். இலங்கையோ கொஞ்சம் வடக்கே இருக்கிறது. எனவே தீவைச் சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டு, நகர்த்தியதைப் பின்னுரையில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். தேவையானதை மட்டும் மாற்று, மாற்றியதை ஒளிக்காதே, மிச்சத்தை எல்லாம் கணக்குக்கு உட்படுத்து. ‘மிக முன்னேறிய தொழில்நுட்பம் மாயாஜாலம் போலவே தெரியும்’ என்ற அவருடைய மூன்றாம் விதியைக் காட்டி எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பவர்கள் இந்தப் பின்னுரையைப் படிக்க வேண்டும்.

இன்னொரு தவறு, அவர் அமைதி தேடி இலங்கையில் ஒதுங்கினார் என்று கதை கட்டுவது. அவரை இழுத்தது கடல். வந்த 1956-லேயே நண்பர் மைக் வில்சனோடு திருகோணமலைக் கடலில் மூழ்கி, போர்ச்சுகீசியர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டார். சம்பந்தர் பாடிய தலத்தின் தூண்களை நீருக்கடியில் பார்த்தவர் அவர். பின்னாளில் போலியோவால் நடை தளர்ந்தபோதும் முக்குளிப்பதை விடவில்லை. நீரில் உடல் எடையற்று இருப்பது அவருக்கு விண்வெளியின் ஒத்திகை. உடம்பால் உணர்ந்ததை எழுதினார் என்பதால்தான் அவருடைய எடையின்மைக் காட்சிகள் நம்பும்படி இருக்கின்றன. நமக்கு ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, ஏவுதல் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பால் வருமானம் போகும் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. இவை இல்லாமல், எங்கோ அமெரிக்க ஆய்வகத்தில் நடப்பதாக எதற்கு எழுத வேண்டும்?

கடைசியாக, எழுதியதை யாரிடமும் காட்டாமல் அனுப்புவது. சூளூர்பேட்டையில் தெருவுக்கு ஒருவராவது ஷாரில், அதாவது ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இருப்பார். ரகசியம் எதையும் அவர் சொல்ல மாட்டார், கேட்கவும் வேண்டாம். கதையைப் படித்துக்காட்டி, “சார், இது இப்படி நடக்குமா?” என்று மட்டும் கேளுங்கள். எந்த வரியில் அவர் முகம் சுளிக்கிறாரோ அந்த வரியின் கணக்கை மறுபடி போடுங்கள்.