காதல் பூட்டும் கடல் துருவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டோர் கதவுக்குப் பூட்டு வாங்க வருபவர் கொக்கியின் தடிமனைத்தான் முதலில் பார்ப்பார். ஜோடியாக வருபவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள். மலேசியாவின் போர்ட்டிக்சன் பக்கம் எங்களுடையது தோட்டத்து ஊர். சுற்றிலும் செம்பனை, கொஞ்சம் தள்ளினால் கடல். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்குக் கிளம்பும் பிள்ளைகள் வழியில் எங்கள் இரும்புக் கடையில் நிறுத்தி, தங்க நிறத்தில் ஒரு பூட்டு வாங்கிக்கொள்வார்கள். இருவர் பெயரையும் எழுதிக் கடற்கரைக் கம்பியில் மாட்டிவிட்டு, சாவியைக் கடலில் வீசுவார்கள்; அதுதான் காதல் பூட்டு. அடுத்த பள்ளி விடுமுறையில் போய்ப் பார்த்தால் பூட்டு பழுப்பாக அழுதுகொண்டிருக்கும். “சரக்கு சரியில்லண்ணே” என்று நம்மிடம்தான் வந்து நிற்பார்கள்.

சரக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தங்க நிறத்தில் இருப்பதெல்லாம் பித்தளை என்று நம்புவதில்தான் வம்பு தொடங்குகிறது. பூட்டின் உடம்பில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது மேல்பூச்சு பூசிய இரும்பு. சரி, ஒட்டவில்லை, அசல் பித்தளைதான் என்றே வையுங்கள். அப்போதும் கொக்கியில் காந்தம் ஒட்டும், ஏனென்றால் சாதாரணப் பித்தளைப் பூட்டுகளில் கொக்கி குரோம் பூசிய எஃகுதான். வீட்டுக் கதவுக்கு இது போதும். கடலோரத்தில், பித்தளைக்கும் எஃகுக்கும் நடுவே உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டால் டார்ச்லைட் பேட்டரிக்குள் நடக்கிற அதே வேலை இங்கேயும் நடக்கும். இரண்டு உலோகங்களில் எது சீக்கிரம் விட்டுக்கொடுக்குமோ அது கரையும். இங்கே கரைவது எஃகு. பழைய பூட்டு கிடைத்தால் கொக்கி உடம்புக்குள் நுழையும் துளையை உற்றுப் பாருங்கள். மேலே கொக்கி பளபளவென்று இருந்தாலும் அந்த வாயில் ஒரு பழுப்பு வளையம் விழுந்திருக்கும். உப்புநீர் தங்குவதும் அங்கேதான், இரண்டு உலோகங்கள் சந்திப்பதும் அங்கேதான்.

கொக்கியில் 316 என்று எஃகின் தர எண் பொறித்த துருப்பிடிக்காத எஃகுப் பூட்டு கிடைத்தால் வாங்கலாம். சாதாரண 304 எஃகிலும் கடற்காற்றில் பழுப்புக் கறை படியும். 316-இல் மாலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 விழுக்காடு கலந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். விலையும் கூடுதல்தான், காதலுக்கு அவ்வளவு செலவழிக்க மனசில்லாதவர்கள் துருவைப் பற்றிப் பேசக்கூடாது என்பது என் கட்சி.

அடுத்தது பெயர் எழுதுவது. ஆணியாலோ கத்தி முனையாலோ கீறி எழுதுகிறார்கள். பூச்சுப் போட்ட பூட்டில் அந்தக் கீறல் இரும்பு வரைக்கும் போய்விடும். துரு வேறு எங்கும் தேடாது, இரண்டு பேருடைய பெயரிலிருந்தே ஆரம்பிக்கும். மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் அது பூச்சைக் கெடுப்பதில்லை. கீறித்தான் ஆக வேண்டும் என்றால் காந்தம் ஒட்டாத உடம்பில் கீறுங்கள்.

மழை படாமல் கூரைக்கு அடியில் மாட்டினால் நல்லது என்று நினைப்பதும் தவறு. இது பலருக்கு நம்பச் சிரமமாக இருக்கும். கடற்காற்றில் வரும் உப்பு பூட்டின் மேல் படிந்துகொண்டே இருக்கும். திறந்த இடத்தில் மழை அதைக் கழுவிவிடும். கூரைக்கு அடியில் கழுவ ஆளில்லை. சாப்பாட்டு உப்பே காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகக் கரைந்து நீராகிவிடும். நம் ஊர் இரவுகளில் ஈரப்பதம் அதைத் தாண்டுவது சாதாரணம். அப்புறம் மழை எதற்கு? உப்பே தண்ணீரைக் கூட்டி வந்துவிடும். போகும்போதெல்லாம் ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினாலே பூட்டுக்கு ஆயுள் கூடும்.

எண்ணெய் விஷயத்தில் நம்மவர்களுக்குக் கை தாராளம். சமையல் கட்டிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து சாவித் துளையில் ஊற்றுவார்கள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் சுழலும். பிறகு மணலும் தூசியும் அதில் சேர்ந்து பிசினாகி, சாவி பாதியில் நின்றுவிடும். டபிள்யூடி-40 என்ற ஸ்ப்ரே ஈரத்தை விரட்டுவதற்காக 1953-இல் உருவாக்கப்பட்டது. அதை அடித்துத் துடைத்த பிறகு மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். பென்சில் தூள் எனப்படும் கிராஃபைட் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் சரி, உப்புக் காற்றில் வேண்டாம். அதுவும் மின்சாரம் கடத்தும், எஃகை இன்னும் வேகமாகக் கரைக்கும்.

குத்துவிளக்கு துலக்குகிற பழக்கத்தில் புளியோடு உப்பையும் சேர்த்துப் பூட்டைத் தேய்ப்பது இன்னொன்று. புளி மட்டும் போடுங்கள், அதிலுள்ள அமிலம் துருவைக் கரைக்கும். நன்றாகக் கழுவித் துடைத்து, உடனே எண்ணெய் தடவுங்கள். கம்பியில் வடிந்த பழுப்புக் கறைக்கு குளோரின் வெளுப்பானை ஊற்றாதீர்கள், கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

சாவியைக் கடலில் வீசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பூட்டை மாட்டும் கம்பி நம்முடையது அல்ல. எடுக்கச் சொன்னால் சாவி இருப்பவர் திறப்பார், இல்லாதவரின் பூட்டை வெட்டுவார்கள். பாரிஸில் போன் தெ ஸார் பாலத்தின் கைப்பிடித் தடுப்பில் ஒரு பகுதி 2014 ஜூனில் பூட்டுகளின் பாரத்தால் சரிந்தது. மறு ஆண்டு சுமார் 45 டன் பூட்டுகளை அகற்றினார்கள். துத்தநாகம் பூசிய கம்பியில் பூட்டு காற்றில் ஆடி உரசும்போது அந்தப் பூச்சும் தேய்ந்து, கம்பியே துருப்பிடிக்கத் தொடங்கும். இப்படி மாட்டுவதற்கென்றே இடம் ஒதுக்கிய பினாங்குக் கொடிமலை போன்ற இடங்களுக்குப் போனால் யாருக்கும் தொல்லையில்லை.

சிலர் மனம் மாறி அதே பித்தளைப் பூட்டைத் திறந்து வந்து தோட்டத்து உரக் கிடங்குக்கோ, ரப்பர் பால் கொட்டகைக்கோ மாட்டுகிறார்கள். அங்கே துருவைவிடப் பொல்லாத ஒன்று இருக்கிறது: அமோனியா. பால் உறையாமலிருக்க அதை ஊற்றுவார்கள். ஈரம் பட்ட யூரியாவிலிருந்தும் அது கிளம்பும். இறுக்கத்தில் இருக்கும் பித்தளையை அமோனியா முடி போன்ற கோடுகளாக வெடிக்க வைக்கும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில், குதிரை லாயங்களுக்கு அருகே வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் இப்படித்தான் வெடிப்பு விட்டன. உரக் கிடங்குப் பூட்டின் உடம்பில் அந்த மாதிரி கோடு தெரிந்தால் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அது தட்டினாலே உடையும். அன்றைக்கே எஃகுப் பூட்டாக மாற்றிவிடுங்கள்.